ஒவ்வொரு சக்கரத்திலும் பதினொரு கிலோ

தம்பி,

இதை நீ மெதுவாகத்தான் படிப்பாய். பள்ளிக்கூடத்தோடு தமிழை நிறுத்திக்கொண்டவன் நீ. நாலு வரிக்கு மேல் அனுப்பினால் "ம்மா, வாய்ஸ் மெசேஜ் போடுங்களேன்" என்று பதில் வரும். வாயால் சொல்லிப் பார்க்கலாம் என்று காலையிலிருந்து இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன், இரண்டு முறையும் வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ சிரிப்பாய், உன் அப்பா "விடு, பையன் வரட்டும்" என்பார், விஷயம் அதோடு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். மூன்று வாரம் தாமதமாக எழுதுகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால் பன்னிரண்டு வருடம் தாமதமாக. அது என்ன கணக்கு என்று போகப் போகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. உட்லண்ட்ஸில் நம் சமையல்கூடத்தில், செல்வம் காய் நறுக்குகிற மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அடுப்புகள் எல்லாம் அணைந்து கிடக்கின்றன. குளிர்பெட்டியின் மோட்டார் மட்டும் நின்று நின்று ஓடுகிறது. ஒவ்வொரு முறை அது உறுமும்போதும் கீழே பிக்கப்தான் கிளம்புகிறதோ என்று எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். அது எப்படிக் கிளம்பும்? சாவி என் கைப்பையில் இருக்கிறது; நீ நண்பனின் காரில் மலாக்கா போயிருக்கிறாய், ராத்திரிதான் வருவாய். தெரிந்தும் எழுந்து போகிறேன். இந்தப் பத்தி எழுதுவதற்குள் மூன்று முறை போய் வந்தாயிற்று.

எனக்கு எதிரே வண்டியின் காப்புறுதியை, அதான் இன்ஷூரன்ஸை, புதுப்பிக்கும் படிவம் இருக்கிறது. நாளை காலைக்குள் அனுப்ப வேண்டும். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன், ஒன்றைத் தவிர. தயாரிப்பாளர் கொடுத்தபடி இல்லாமல் வாகனத்தில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். வெள்ளிக்கிழமை நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாய்: "இல்லன்னு டிக் பண்ணிடுங்கம்மா. டயர்லாம் மாடிஃபிகேஷன்ல வராது லா." கையெழுத்துப் போட வேண்டியவள் நான். கம்பெனி என் பெயரில் இருக்கிறது, வண்டியும் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. தினமும் காலையில் அந்த வண்டியில் உன்னோடு ஏறுகிற மூன்று பேரும் என்னை நம்பித்தான் ஏறுகிறார்கள். அதனால் இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. முதலில் உன் போனுக்குப் படமெடுத்து அனுப்புவேன். பிறகு வேலை அட்டவணைக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டுவேன். அவர்கள் மூன்று பேரும் உன்னைவிட வேகமாகத் தமிழ் படிப்பார்கள்.

நான் என்ன படித்தேன் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. எனக்கேகூட. திருச்சியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங், வகுப்பில் நாங்கள் நாலே பெண்கள். கடைசிப் பரீட்சை எழுதி முடித்த மறு மாதம் கல்யாணம், அதற்கு அடுத்த மாதம் சிங்கப்பூர், இருபத்திரண்டு வயதில் நீ. உன் நண்பர்கள் யாராவது "உன் அக்காவாடா?" என்று கேட்டால் நீ முகத்தைச் சுளிப்பாய், நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்வேன். படித்த படிப்பை நான் பயன்படுத்தியது எதற்கு என்று யோசித்தால், எத்தனை பேருக்கு எத்தனை சிலிண்டர் கேஸ் என்று கணக்குப் போட்டதற்குத்தான். ஆனால் படித்தது எங்கும் போய்விடவில்லை. ஒரு வண்டி மூச்சு வாங்கினால் எனக்குக் கேட்கிறது. கேட்டும் சும்மா இருப்பதுதான் என் பழக்கமாகிவிட்டது.

அந்த டயர்கள் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். அப்பாவின் முதுகுத்தண்டில் வட்டு நழுவி அவர் இனி சுமை வண்டி ஓட்டக் கூடாது என்று ஆனபோது, ராணுவத்தில் தேசிய சேவை முடித்துவிட்டு வந்த நீ ஒரு வார்த்தை பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டாய். ஆறு மாதம் ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல் துவாஸில் இருக்கும் தொழிலாளர் விடுதி வரைக்கும் சாப்பாடு கொண்டுபோய்ச் சேர்த்தாய். உன் சேமிப்பில் உனக்கென்று நீ வாங்கிய முதல் பெரிய பொருள் அந்த நான்கு டயர்களும் அவற்றுக்கான கறுப்பு ரிம்களும். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் எல்லோரும் கீழே இறங்கி வந்தோம். "என்ன தம்பி, யானைக்கு ஷூ மாட்டுன மாதிரி இருக்கு!" என்றான் செல்வம். "நல்லாருக்கா இல்லையாண்ணே?" என்றாய். "நல்லாருக்கு. ஆனா ஏறுறதுக்கு ஏணி வாங்கிக் குடுத்துடுங்க." அப்பா ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான் படமெடுத்து ஊரில் இருக்கும் உன் சித்திக்கு அனுப்பினேன். அதையும் சொல்லிவிட வேண்டும். அன்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. டயரின் பக்கச் சுவரில் எழுதியிருந்த அளவைப் படித்தபோது மனதில் ஏதோ இடறியது. படம் எடுக்கிற மும்முரத்தில் அதைத் தள்ளிவிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. வண்டி முன்பு போல் இழுக்கவில்லை என்று நீயே சொன்னாய், இன்ஜினைக் குறை சொன்னாய். பெட்ரோல் நிலையத்துக்கு டீசல் போட முன்பைவிடச் சீக்கிரமாகப் போக வேண்டியிருந்தது. அப்புறம் சாம்பார். நாலு வருடமாகச் சிந்தாத சாம்பார் தினமும் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. ஒரு நாள் விடுதி வாசலில் எல்லோர் முன்னாலும் செல்வத்தைப் பார்த்து, "அண்ணே, ஒரு மூடிய ஒழுங்கா கட்டத் தெரியாதா? இதுகூட நான் வந்து பாக்கணுமா?" என்றாயாம். உன்னைவிட ஒன்பது வயது பெரியவன். அவன் என்னிடம் வந்து புகார் சொல்லவில்லை. மறுநாள் மூடியை ஒரு கயிற்றுக்கு இரண்டு கயிறாகக் கட்டிக்கொண்டிருந்தான், ஏன் என்று கேட்டேன், அப்போதுதான் சொன்னான். "பரவால்லக்கா, சின்னப் புள்ள. கயிறுதானே, கட்டிட்டாப் போச்சு." அவன் கட்டியதில் ஒரு குறையும் இல்லை, தம்பி. அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன், இப்போது இதைப் பிடித்துக்கொள்: செல்வத்திடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும். விடுதி வாசலில் திட்டியதை விடுதி வாசலிலேயே.

மூன்று வாரம் முன்னால் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். தேக்கா சந்தையில் காய் ஏற்றிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். நான் உன் பக்கத்தில், பின் இருக்கையில் செல்வம், பின்னால் தொட்டியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் அரிசி மூட்டைகளும். விளக்கு மஞ்சளாகி நீ பிரேக் மிதித்தாய். சரியான இடத்தில்தான் மிதித்தாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, ஆட்கள் கடக்கிற இடத்தில் பாதி வரைக்கும் போய் நின்றது. இரண்டு கையிலும் பையோடு கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் பையைக் கீழே போட்டுவிட்டு, பானட்டின்மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். "டேய்! லாரி ஓட்டுறியா, ரயில் ஓட்டுறியா?" நீ கண்ணாடியை இறக்கி, "சாரி அங்கிள், சாரி சாரி" என்றாய். அவர் போகிற வரைக்கும் சிரித்த முகமாக இருந்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, "ரோடு ஈரம்மா, அதான்" என்றாய்.

ரோடு ஈரமாக இல்லை. நாலு நாளாக மழையே இல்லை. நான், "சரி, பாத்து ஓட்டு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை. காலையில் நீங்கள் கிளம்பியதும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இறக்கியாச்சு" என்ற உன் செய்தி வருகிற வரைக்கும் ஒரு வெங்காயம்கூட உரிக்க முடியாமல் நிற்கிறேன். ஒரு முறை டயரைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தேன். "ம்மா, கால்குலேஷன்ல வண்டி ஓடாது. எல்லாரும் போடுறாங்க லா" என்றாய். எல்லோரும் போடுகிறார்கள் என்ற அந்த வார்த்தையை இந்த வீட்டில் நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

இன்று காலை செல்வத்தை ஒரு மணி நேரம் வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு தேக்காவுக்குப் போகிறவன், சட்டைகூட மாற்றாமல் வந்தான். ஜாக்கி வைத்து உன் புதுச் சக்கரம் ஒன்றைக் கழற்றினோம். பழைய சக்கரம் ஒன்று ஸ்பேராக இருக்கிறதே, அதையும் எடுத்தோம். இரண்டையும் லிஃப்டில் ஏற்றி மேலே கொண்டுவந்து, அரிசி நிறுக்கிற தராசின்மேல் ஒவ்வொன்றாக வைத்தோம். பழையது இருபத்தாறு கிலோ. புதியது முப்பத்தேழு. செல்வம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, பதினோரு கிலோ அரிசின்னா எம்பது, தொண்ணூறு பேரு சாப்புடலாம். இத ரப்பரா உருட்டிக்கிட்டுத் திரியுறோமா?" என்றான். நாலு சக்கரத்துக்கு நாற்பத்து நாலு கிலோ. பெரிய சாம்பார்ப் பாத்திரம் ஒன்றின் கனம். "அதுக்கென்னம்மா, ஒரு பாத்திரம் கொறச்சு ஏத்துனா போச்சு" என்பாய். இல்லை. தொட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கிற பதினொரு கிலோ வேறு, சுற்றிக்கொண்டிருக்கிற பதினொரு கிலோ வேறு. சும்மா இருப்பதை இழுத்தால் போதும். சக்கரத்தின் ஓரத்தில் இருப்பதை இழுக்கவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். நம் பெரிய கிரைண்டரைப் பார்த்திருக்கிறாய். சின்னக் கல் சுவிட்சைத் தட்டியதும் ஓடும், அணைத்ததும் நிற்கும். பெரிய கல் முனகிக்கொண்டு கிளம்பும், அணைத்த பிறகும் தன் பாட்டுக்குச் சுற்றும். நீ சிராங்கூன் ரோட்டில் மிதித்தபோது நடந்தது அதுதான்.

அதோடு முடியவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இரண்டு சக்கரத்தையும் அந்தக் கோட்டிலிருந்து சரியாக ஒரு சுற்று உருட்டினோம். புதியது பழையதைவிட ஒரு சாணுக்கு மேல் தள்ளிப் போய் நின்றது. ஒரு சுற்றுக்கு ஒரு சாண். இன்ஜினுக்கு அது தெரியாது, ஸ்பீடு காட்டுகிற முள்ளுக்கும் தெரியாது. அவை பழைய சக்கரக் கணக்கிலேயே இருக்கின்றன. அறுபதில் போகிறேன் என்று நீ நினைக்கும்போது அறுபத்தைந்து, அறுபத்தாறில் போய்க்கொண்டிருக்கிறாய். கிளம்பும்போது முதல் கியரில் கிளம்புகிறேன் என்று நினைக்கிறாய். வண்டிக்கு அது முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, அதனால்தான் இழுக்கவில்லை. பிரேக்கோ அதே பழைய பிரேக். ஒரு கதவைக் கைப்பிடியில் பிடித்து நிறுத்திப் பார், பிறகு கீலுக்குப் பக்கத்தில் கை வைத்து நிறுத்திப் பார். சக்கரம் பெரிதாகப் பெரிதாக, பிரேக் கீலுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. சாம்பாரும் இதில்தான் வருகிறது. கனத்த சக்கரம் மேட்டில் ஏறினால் சட்டென்று இறங்காது, அந்தக் குதிப்பை ஸ்பிரிங்கால் அடக்க முடியாமல் தொட்டிக்கு அப்படியே கொடுத்துவிடும். செல்வம் எத்தனை கயிறு கட்டினாலும் மூடி என்ன செய்யும்?

அந்த டயர் கெட்ட டயர் என்று நான் சொல்லவில்லை. நல்ல டயர். ஜொகூரில் செம்பனைத் தோட்டத்துக்குள் மழையில் போகிற வண்டிக்கு அதுதான் வேண்டும். பழைய டயர் அங்கே சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். உட்லண்ட்ஸுக்கும் துவாஸுக்கும் நடுவில் சேறு எங்கே இருக்கிறது, சொல்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனி எழுத வேண்டியது எழுத வராமல் கை நிற்கிறது.

நீ நாலாம் வகுப்பு படித்தபோது நம்மிடம் இருந்தது இரண்டு கதவு பிக்கப். முன்னால் அப்பாவும் இன்னொருவரும் உட்காருவார்கள், மற்றவர்கள் பின்னால் தொட்டியில் காலிப் பாத்திரங்களோடு உட்கார்ந்து வருவார்கள். கதிரேசன் மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நம் தலைமைச் சமையல்காரர். உனக்கென்று தனியாக அப்பளம் பொரித்து எடுத்து வைப்பாரே, அவர். அந்த வருடம் டயர் மாற்ற வேண்டியிருந்தது. அப்பா மலிவாகக் கிடைக்கிறது என்று கார் டயர்களைப் போட்டுக்கொண்டு வந்தார். ரிம்முக்குச் சரியாகப் பொருந்தியது. ஆனால் அந்த டயர் தாங்குகிற சுமைக்கென்று பக்கச் சுவரில் ஒரு எண் இருக்கும். அதைப் படித்தேன். வண்டி, அரிசி, பாத்திரம், ஆட்கள் எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். தாங்காது என்று வந்தது. மறுபடி கூட்டினேன், மறுபடியும் தாங்காது. அப்பாவிடம் சொன்னேன். "எல்லாரும் இதத்தானே போடுறாங்க? நீ புஸ்தகத்துல படிச்சத இங்க கொண்டாந்து வெக்காத" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அந்த வருடக் காப்புறுதிப் படிவத்திலும் இதே கேள்வி இருந்தது. இல்லை என்று நான்தான் குறித்தேன்.

இரண்டு மாதம் கழித்து விரைவுச்சாலையில் பின் டயர் வெடித்தது. வண்டி கவிழவில்லை, ஓரத் தடுப்பில் உரசி நின்றது. தொட்டியில் இருந்த கதிரேசன் மட்டும் பாத்திரங்களோடு சேர்ந்து தூக்கி எறியப்பட்டு, பக்கப் பலகையில் மோதித் தோள் எலும்பு உடைந்தது. அப்பாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. வேறு வண்டியைக் கூப்பிட்டுக் கதிரேசனை ஏற்றி அனுப்பினார். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் நான் முதலில் போய் நின்றேன். என்னென்ன ஆகும் என்று வழியெல்லாம் யோசித்துவிட்டேன்: டயரைப் பார்ப்பார்கள், படிவத்தைப் பார்ப்பார்கள், உரிமம் போகும். கதிரேசனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். குனிந்து அவர் காதில், "அண்ணே, கிச்சன்ல தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்க. எல்லாச் செலவும் நாங்க பாத்துக்குறோம்" என்றேன். அவர் வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "சரிக்கா. எந்தக் காலு வழுக்குச்சுன்னு சொல்லட்டும்?"

நான் வலது கால் என்றேன்.

அப்படியே சொன்னார். சிகிச்சை ஆனது. ஆனால் கையைத் தோளுக்கு மேல் தூக்க வரவில்லை. பெரிய பாத்திரத்தைச் சாய்க்க முடியாத சமையல்காரர் என்ன செய்வார்? ஒரு வருடம் காய் நறுக்கினார், பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் ஊருக்கே போய்விட்டார். போவதற்கு முன்னால், கவனமில்லாமல் வழுக்கி விழுந்தவர் என்பதற்காகப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டியிருந்தது, எந்த மாதிரிச் செருப்புப் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு. அடுத்து வாங்கிய வண்டிக்கு நாலு கதவு ஏன், ஆட்கள் எல்லோரும் உள்ளேயே உட்கார வேண்டும் என்று நான் ஏன் அடம்பிடித்தேன் என்று நீ கேட்டதே இல்லை. ஸ்டைலுக்கு என்று நினைத்திருப்பாய்.

ஆனால் அப்போது நீ வேறொன்று கேட்டாய். விபத்து நடந்த நாள் பள்ளி விட்டு நேராகச் சமையல்கூடத்துக்கு வந்து, கதிரேசன் மாமா எங்கே என்றாய். வழுக்கி விழுந்துவிட்டார் என்றேன். நீ கீழே பார்த்தாய், உன் பள்ளிக் காலணியால் தரையைத் தேய்த்துப் பார்த்தாய். "ம்மா, தரை காஞ்சுதானே இருக்கு? எப்படி வழுக்குனாரு?" என்றாய். எல்லோர் முன்னாலும் உன் கன்னத்தில் அறைந்தேன். "ஈரமா இருந்துச்சுன்னா இருந்துச்சு" என்றேன். நான் உன்னை அடித்தது அந்த ஒரு முறைதான். நீ அழவில்லை. மூலையில் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாய். அப்புறம் யாரோ வந்து மாமா எங்கே என்று கேட்டபோது, நீயே சொன்னாய், தலையைத் தூக்காமல்: "தரை ஈரம். வழுக்கிட்டாரு."

சிராங்கூன் ரோட்டில் நீ ரோடு ஈரம் என்றபோது எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று இப்போது புரிகிறதா? அந்தப் பொய்யை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

நேற்று கதிரேசனுக்குப் போன் செய்தேன். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் சமையலுக்குப் பொறுப்பாக இருக்கிறார். பேர் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். உன்னைக் கேட்டார், அப்பாவின் முதுகைக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். எதிர்ப்பக்கத்தில் பாத்திரம் கழுவுகிறவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தள்ளி வந்தார். பிறகு, "இப்ப நான் என்ன சொல்லணும்க்கா? அதையும் நீங்களே சொல்லிடுங்க" என்றார். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், இனி நான் சொல்கிறேன், எழுதிச் சுவரில் ஒட்டப் போகிறேன், உங்கள் பேர் வராமல் எழுதுகிறேன் என்றேன். "ஏன் வராம? பேரப் போடுங்க" என்றார் உடனே. "வழுக்குன கதிரேசன்னு அங்க இருந்த பயலுவ எத்தன நாளு கூப்புட்டானுங்க தெரியுமா? ஊருக்கு வந்தும் விடல. போடுங்க. பெரிய எழுத்துல போடுங்க." மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போட்டுவிட்டேன்.

இதை அதிகாரிகள் யாராவது படித்து என்னைக் கேட்டால், நடந்ததைச் சொல்வேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்று வாரப் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். இந்த வரிக்கு முன்னால் பேனாவை வைத்துவிட்டு, அதை எடுத்து, ஆம் என்ற கட்டத்தில் குறித்துவிட்டேன். கீழே இருந்த கோட்டில் பழைய அளவையும் புதிய அளவையும் எழுதி, படமெடுத்து அனுப்பியும் விட்டேன். நீ வந்து பேசி என் மனதை மாற்றிவிடுவாய் என்று தெரியும். நீ பேசினால் நான் மாறிவிடுவேன் என்பதும் தெரியும், அதனால்தான் நீ வருவதற்கு முன்னால். டயர் மாற்றுகிற வரைக்கும் அந்த வண்டி கீழேயிருந்து நகராது. இன்று காலை கழற்றிய சக்கரத்தையும் திரும்ப மாட்டவில்லை. வண்டி மூன்று சக்கரத்திலும் ஜாக்கியிலும் நிற்கிறது. உன் டயர்களை விற்பாயோ, வைத்துக்கொள்வாயோ, அது உன் இஷ்டம். உன் உழைப்பில் வாங்கியவை; அவற்றை நான் தொட மாட்டேன். உனக்குக் கோபம் வரும். ஆசையாக வாங்கியதை அம்மா நாலு பேர் முன்னால் சுவரில் ஒட்டிவிட்டாள் என்று இருக்கும். வரட்டும். நீ ஒரு நாள் உன்னுடையதை எழுதினால் நானும் படிக்கிறேன். அதில் நான் உன் கன்னத்தில் விட்ட அந்த அறையும் இருக்க வேண்டும்.

நாளைக் காலைக்கு ஒரு வாடகை வேன் ஏற்பாடு செய்திருக்கிறேன். வேன் மட்டும்தான் கிடைத்தது, ஓட்டுநர் கிடைக்கவில்லை. ஐந்தரைக்குச் சாப்பாடு ஏற்றிக் கிளம்ப வேண்டும். நீ வந்தால் நீ ஓட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன், வாயைத் திறக்க மாட்டேன். வராவிட்டால் நானே ஓட்டுகிறேன். உரிமம் எடுத்த பிறகு யீசூன் வீட்டிலிருந்து தேக்கா வரைக்கும் நாலைந்து முறை ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். விரைவுச்சாலையில் போனதே இல்லை. இடது ஓரமாகவே போவேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், செல்வம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான், சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேரும், விடுதியில் எல்லோரும் திட்டுவார்கள். திட்டட்டும். ஏன் தாமதம் என்று கேட்டால், மெதுவாக வந்தேன், அதனால் தாமதம் என்று சொல்வேன்.

அம்மா